பந்தில் ஒரு கண் குறைகிறது

"யாரும் நகரக் கூடாது" என்றார் பிரபாவதி.

நெய்வேலி நகரியத்தில் அறிவியல் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள் நகராமல் நின்றதோடு விடவில்லை. குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்கள். டீ கொண்டுவந்தவர் டிரேயோடு விறைத்துப்போனார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பிரபாவதி இதே ஊரில் பல வருஷம் பி.டி. மிஸ்ஸாக இருந்தவர். நகரியத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் குரலைக் கேட்டால் முதுகெலும்பு தானாக நிமிரும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போய்ச் சேரும்.

கொளஞ்சிநாதனுக்கும் நிமிர்ந்தது. அவன் மிஸ்ஸின் பழைய மாணவன். நீளம் தாண்டுதலில் மணலுக்கு முன்னாலேயே விழுந்து பேர் வாங்கியவன். இப்போது அவருடைய துப்பறியும் நிறுவனத்தின் ஒரே உதவியாளர், ஒரே டிரைவர். வண்டி, ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி.

மேடைமேல் இருந்த பந்தை அவன் எட்டிப் பார்த்தான். கால்பந்து அளவில் உலோக உருண்டை. உடம்பெல்லாம் வட்ட வட்டமாகக் கண்ணாடிக் கண்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கண்ணுக்குப் பதிலாகக் குழி.

"யாரோ முழிய நோண்டிட்டுப் போயிருக்காங்க மிஸ்."

"வாயை மூடு. ஹரிணி, நீ சொல்லு."

ஹரிணி பெங்களூரில் செயற்கைக்கோள் செய்யும் ஒரு நிறுவனத்தில் விஞ்ஞானி. நகரியத்தில் பிறந்து வளர்ந்த பெண். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"இது நிஜப் பந்து இல்ல மிஸ், அதோட இரட்டை. நிஜம் பெங்களூர்ல இருக்கு. சீக்கிரமே ராக்கெட் ஏறணும். காலைல போன் வந்துச்சு, சோதனையில அதுல ஒரு கண்ணாடி விரிசல் விட்டுடுச்சாம். அதுக்கு மாத்தா போடறதுக்கு உலகத்துலயே இன்னொரு கண்ணாடிதான் இருக்கு. அது இந்தப் பந்துலதான் இருந்துச்சு. மத்த கண்ணாடியெல்லாம் காட்சிக்குன்னு அதே அமைப்புல மலிவா செஞ்சது. அது ஒண்ணுதான் அசல். சாயங்காலம் வேன்ல ஏத்திகிட்டுப் போகணும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல எவனோ கழட்டிட்டான்."

"அசல் எதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நேத்து மேடையில பேசறப்ப நானே விரலை வச்சுக் காட்டினேன் மிஸ்." ஹரிணிக்கு மறுபடி அழுகை முட்டியது. "எங்க ஹெட் இதை எடுத்துட்டுப் போகவே வேணாம்னாரு. எங்க ஊர்க்காரங்க பாக்கணும்னு நான்தான் அடம் பிடிச்சேன்."

"குழியோட அனுப்பினா ஆவாதா?" என்றான் கொளஞ்சி.

"வெயில் ஒரு பக்கம் ஒரு மாதிரி படும். அதுலயே பந்து துளி நகரும். அப்புறம் அதை நகர்த்தினது ஐன்ஸ்டீனா வெயிலான்னு யாருக்குத் தெரியும்?"

கொளஞ்சி விழித்தான். ஹரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்ல கிரைண்டர் இருக்கில்ல? கல்லு சுத்தினா மாவும் கூடவே சுத்தும். பூமி சுத்தறப்ப சுத்தியிருக்கற வெளியையும் அப்படித்தான் கொஞ்சம் இழுத்துகிட்டுச் சுத்துதுன்னு ஐன்ஸ்டீன் கணக்கு சொல்லுது. இந்தப் பந்து மாவுல போட்ட மிளகு மாதிரி. அதோட பாதை வருஷத்துக்குச் சில முழம் விலகினா கணக்கு சரி."

"மேல போயி இது வேற என்னா வேல பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா சுத்தும்."

"எங்க மாமா மாதிரி."

"கீழேயிருந்து நாங்க லேசர் அடிப்போம். எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சாலும் இந்தக் கண்ணாடி வந்த வெளிச்சத்தை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும். போய்வர்ற நேரத்தை வச்சு, பந்து எங்க இருக்குன்னு மயிரிழை சுத்தமா சொல்லிடலாம்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவது போலவே. மைக் செட் சசிகுமார். நகரியத்தில் நடக்கும் கல்யாணம், கண்காட்சி எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி அவருடையதுதான். அன்றைக்கும் அவர் செட்தான் ஓடியது.

"மிஸ், நான் பாத்தேன். சாப்பிடப் போறதுக்கு முன்னால குனிஞ்சு பந்தைப் பாத்துகிட்டிருந்தேன். அந்தக் குழிக்குப் பக்கத்துக் கண்ணாடியில பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்குப் பின்னால நம்ம செந்தில்நாதன் சார். கையில ஸ்க்ரூடிரைவர். திரும்பினேன், ஆளைக் காணோம்."

கூடத்தில் 'ஆங்' என்று ஒரு சத்தம். செந்தில்நாதன் சாரைத் தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. ஐன்ஸ்டீன் தப்பு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களை முந்தின நிறுத்தத்திலேயே இறங்க வைத்தவர்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு மிஸ்" என்றான் கொளஞ்சி. "வண்டிய எடுக்கட்டா?"

பிரபாவதி, சசிகுமார் காட்டிய கண்ணாடிக்கு நேராகக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், முட்டி போட்டுக் கீழேயிருந்து பார்த்தார். கோழி தண்ணீர் குடிப்பது போலிருந்தது. பிறகு எழுந்து ஹரிணியின் காதில் ஏதோ சொன்னார். அவள் காட்சிக் கண்ணாடிகளில் ஒன்றைத் திருகிக் கழற்றிக் கொடுக்க, அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

"சசி, சாயங்காலம் வீட்லதானே இருப்பே?"

"இருப்பேன் மிஸ்."

"சரி. கொளஞ்சி, எடு வண்டியை."

*

செந்தில்நாதன் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். அனல்மின் நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வரவேற்பறையில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் கரும்பலகை இருந்தது. டி.வி. சமையலறைக்குப் போயிருந்தது.

"வாங்க, வாங்க! யாராவது தேடி வந்து கேப்பீங்கன்னு எத்தனை காலமாக் காத்திருக்கேன்!" சாக்பீஸை எடுத்துவிட்டார். "அடிப்படையிலேருந்து ஆரம்பிக்கவா?"

"சார், நாங்க வந்தது வேற விஷயம்" என்று அலறினான் கொளஞ்சி. "ஹரிணியோட பந்துல கண்ணாடியக் காணும். நீங்க ஸ்க்ரூடிரைவரோட நின்னுகினு இருந்தீங்கன்னு சாட்சி இருக்கு."

சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணாடி இல்லேன்னா... பந்து மேல போகாதா?"

"போகாம போகலாம்" என்றார் பிரபாவதி.

"ஐயையோ!" அந்தக் கிழவரின் கை நடுங்கியது. கொளஞ்சிக்கே ஒரு நிமிஷம் பாவமாகிவிட்டது. "ஏம்மா, பூமி சுத்தினா வெளியும் இழுபடும்கிறான் அந்த மனுஷன். இழுபடாதுங்கறேன் நான். இதுவரைக்கும் அனுப்பின பந்தெல்லாம் அவன் பக்கம்தான் பேசுது. ஆனா இடுக்குல துளி சந்தேகம் மிச்சம் இருக்கு. நான் இத்தனை வருஷமா அந்தத் துளியிலதான் குடியிருக்கேன். இந்தப் பந்து போனாத்தான் அவனா நானான்னு தீரும். அதைப் போயி நான் கெடுப்பேனா? தேர்தல்ல நிக்கறவன் ஓட்டுப்பெட்டியவே தூக்கிகிட்டு ஓடுவானா?"

"சில ஊர்ல ஓடுவாங்க சார்."

"கொளஞ்சி!"

"இல்ல மிஸ், பொதுவாச் சொன்னேன்."

செந்தில்நாதன் பிரபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுத்துடும்மா. எனக்கு அந்தப் பொண்ணுமேல கோபமே கிடையாது. ஐன்ஸ்டீன்மேலகூட தனிப்பட்ட விரோதம் இல்ல. எனக்குத் தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

மருமகள் காபி கொண்டுவந்தாள். பிரபாவதி ரசித்துக் குடித்தார். வெளியே வந்து வண்டியை உதைத்தபோது கொளஞ்சி குழம்பிப் போயிருந்தான்.

"இவரு இல்ல மிஸ். நடிப்புன்னா அந்தக் கை அப்டி ஆடாது."

"அவர் இல்லன்னு கூடத்துலயே தெரியும்."

"அப்ப இங்க எதுக்கு வந்தோம்?"

"இவங்க வீட்டுக் காபி நல்லா இருக்கும். அப்புறம், திருடினவன் நாம செந்தில்நாதனைப் புடிச்சிட்டோம்னு நெனச்சு நிம்மதியா வீட்ல உக்காந்திருக்கணும். ஓட்டு, வடக்குத்துக்கு."

வடக்குத்து என்றதும் கொளஞ்சிக்குக் கொஞ்சம் புரிந்தது. சசிகுமார் வீடு கட்டியிருந்தது அங்கேதான். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனைவி விஜயலட்சுமியின் சொந்த ஊரில் மனை வாங்கிப் புதிதாக எழுப்பிய மாடி வீடு.

*

வீட்டைப் பார்த்ததும் கொளஞ்சி தன்னையறியாமல் பிரேக் பிடித்தான்.

வாசலில் பூசணிக்காய் தொங்கியது. அதன் பக்கத்தில் தலைகீழாகக் கற்றாழை. நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்த கயிறு, அதற்கு மேலே படிகாரம், அதற்கு மேலே கழுதைப் படம் போட்ட 'என்னைப் பார் யோகம் வரும்'. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய திருஷ்டி பொம்மை. நடுவில் எங்கோ வீடும் இருந்தது.

"இவ்ளோ பந்தோபஸ்து பேங்குக்குக்கூட கிடையாது மிஸ்."

சசிகுமார் வாசலுக்கு வந்தார். "வாங்க மிஸ், புடிச்சிட்டீங்களா செந்தில்நாதன் சாரை?"

"முடிச்சிடலாம். உன் சாட்சியம்தான் முக்கியம். அதை ஒரு தடவை உறுதி பண்ணிக்கணும்." பிரபாவதி கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினார். "இதே மாதிரி கண்ணாடியிலதானே பாத்தே? கொளஞ்சி, நீ இவர் பின்னால நில்லு. சசி, ஒரு கண்ணை மூடிகிட்டு இதுல பாத்துச் சொல்லு."

சசிகுமார் கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோனார். அந்த நொடியில் பிரபாவதியின் புருவம் ஒரு சுற்று சுற்றியது. கொளஞ்சிக்கு அந்தப் பாஷை தெரியும். 'சத்தமில்லாமல் ஒதுங்கு'. அவன் பூனை போல நகர்ந்து பூசணிக்காய்க்கு அந்தப் பக்கம் போனான். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த விஜயலட்சுமியை, பிரபாவதி தோளைப் பிடித்து அந்தக் காலி இடத்தில் நிறுத்தினார்.

"யார் நிக்கிறா சசி?"

"நம்ம கொளஞ்சிதான் மிஸ்."

"நல்லாத் தெரியுதா?"

"டி.வி.ல பாக்கற மாதிரி தெரியுது."

"என்ன பண்றான்?"

"என்ன பண்ணுவான்? கொரங்கு மாதிரி இளிச்சுகிட்டு நிக்கிறான்."

"யாருய்யா கொரங்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நானாய்யா இளிச்சிகினு நிக்கிறேன்?"

சசிகுமார் திரும்பினார். கரண்டி அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

"அட்டென்ஷன்!" என்றார் பிரபாவதி. புருஷன், பெண்டாட்டி, கொளஞ்சி மூன்று பேரும் விறைத்தார்கள். "சசி, அந்தக் கண்ணாடியில நீ நெஜமா என்ன பாத்தே?"

சசிகுமார் கையிலிருந்த கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உன் கண்ணு. அவ்வளவுதான் தெரியும். மேலேருந்து பாரு, கீழேருந்து பாரு, சாஞ்சு பாரு, நட்ட நடுவுல உன் கண்ணே உன்னை முழிச்சுப் பாக்கும். வந்ததை வந்த இடத்துக்கே அனுப்பற கண்ணாடிடா அது. பின்னால யானை வந்து நின்னாலும் காட்டாது. அதுல செந்தில்நாதன் எப்படித் தெரிஞ்சார்? அதுவும் ஸ்க்ரூடிரைவரோட? அந்தக் கூடத்துல ஸ்க்ரூடிரைவர் வச்சிருந்தது மைக் செட் போட்டவன் மட்டும்தான்."

சசிகுமாரின் முகத்தில் வியர்வை பூத்தது. ஆனாலும் விடவில்லை. "வேணும்னா தேடிப் பாத்துக்குங்க மிஸ். என் வீட்ல கண்ணாடி எதுவும் இல்ல."

கொளஞ்சி தேடினான். பீரோ, அரிசி டிரம், ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ஸ்பீக்கரின் வயிறு என்று ஒன்று விடாமல் கவிழ்த்துவிட்டு, முடியெல்லாம் தூசியோடு வெறுங்கையாக வந்தான். வெளியே பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஹரிணியின் வேன் கிளம்ப வேண்டிய நேரம்.

பிரபாவதி தெருவின் நடுவில் நின்றார். டார்ச்சை எடுத்து நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வீட்டைக் கீழேயிருந்து மேலாக மெதுவாகத் துழாவினார். சட்டென்று நின்றார்.

"அதோ."

"எதோ?" என்றான் கொளஞ்சி. "ஒண்ணுமே தெரியலியே மிஸ். பொம்மதான் பல்ல காட்டிகினு இருக்குது."

"அங்கேருந்து தெரியாது. இங்க வா. டார்ச்சைக் கண்ணுகிட்ட வச்சுகிட்டுப் பாரு."

கொளஞ்சி வாங்கி வைத்துப் பார்த்தான். "ஐயோ ஆத்தா!" என்று இரண்டு அடி பின்னால் போனான். திருஷ்டி பொம்மையின் நெற்றியில் வெள்ளையாக ஒரு கண் திறந்து, அவனை மட்டும், நேராக அவனை மட்டும் முறைத்தது. டார்ச்சைக் கண்ணிலிருந்து விலக்கினான், கண் மூடிக்கொண்டது. வைத்தான், திறந்தது.

"வெளிச்சம் அனுப்பினவனுக்கு மட்டும்தான் பதில் வரும்" என்றார் பிரபாவதி. "ஏறு மேல."

*

ஹரிணி வேனோடு வந்து சேர்ந்தபோது கண்ணாடி பிரபாவதியின் கையில் இருந்தது. சசிகுமார் வாசற்படியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்றாள் ஹரிணி. "என் வேலையே போயிருக்கும். எத்தனை பேரோட உழைப்பு தெரியுமா?"

"அது மேல போற கண்ணாடின்னு எடுக்கறப்ப சத்தியமா தெரியாதும்மா. கண்காட்சிப் பொருள்னு நெனச்சேன். அசல்னு நீங்க காட்டினதாலதான் அதையே கழட்டினேன். வீடு கட்டினதுலேருந்து ஒண்ணும் சரியில்ல. மூணு தடவை மோட்டார் எரிஞ்சுது. மாடிப்படியில விழுந்து கால் ஒடைஞ்சுது. கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல ஆம்ப்ளிஃபயர் வெடிச்சுது. பூசணிக்காய் கட்டினேன், படிகாரம் கட்டினேன், கழுதை மாட்டினேன். எதுக்கும் அடங்கல." சசிகுமார் நிமிர்ந்தார். "நீங்கதான் மேடையில சொன்னீங்க. எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும், எது வந்தாலும், வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிடும்னு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அவன் கண்ணு அவனுக்கே போவட்டும்னு..."

"எவன் கண்ணு?" என்றாள் விஜயலட்சுமி.

சசிகுமார் வாயை மூடிக்கொண்டார். நேரம் கடந்துவிட்டது. விஜயலட்சுமி மாடியைப் பார்த்தாள். பொம்மை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே போய் எதிர்வீட்டில் முட்டினாள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் லுங்கியோடு உட்கார்ந்து அவள் அண்ணன் கண்ணையன் நடக்கும் வேடிக்கையை ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன் கண்ணா கொள்ளிக் கண்ணு? மூணு தடவையும் மோட்டார தூக்கிகினு போயி காயில் கட்டிகினு வந்தது யாரு? உன் கால் ஒடஞ்சப்ப தோள்ல போட்டுகினு ஓடுனது யாரு?"

"அதான் விஜி! ஒவ்வொரு தடவையும் அவன்தான் மொதல்ல வந்து நிக்கிறான். பாத்துகிட்டே இருக்கான்னுதானே அர்த்தம்?"

கொளஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிரபாவதி தரையை உற்றுப் பார்த்தார். முதலில் வெடித்துச் சிரித்தது ஹரிணிதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நேத்து முந்நூறு பேர் என் பேச்சைக் கேட்டாங்க மிஸ். கேள்வி கேளுங்கன்னா, எடை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, எப்பக் கல்யாணம்னு மூணே கேள்வி. நான் சொன்னதை மனசுல வாங்கினவர் இவர் ஒருத்தர்தான்." கண்ணாடியை வேன் விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. மெத்தென்ற துணியில் பொதிந்து பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "புகார் வேணாம் மிஸ். நான் கிளம்பறேன்."

"அதெப்படி சும்மா விடறது?" என்றார் பிரபாவதி. "சசி, எழுந்திரு. எதிர்வீட்டுக்குப் போ. மச்சான்கிட்ட நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளு."

"மிஸ், அதுக்குப் பதிலா போலீஸ்ல குடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினார் சசிகுமார்.

விஜயலட்சுமி அவரைக் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து இழுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து கண்ணையனின் சிரிப்பு தெருவையே தூக்கியது. அவனுக்குக் கோபமே வரவில்லை. தன் கண்ணுக்கு இவ்வளவு சக்தியா என்று அடுத்த ஒரு மாதம் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

*

ராக்கெட் போனது. பந்தும் போனது.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹரிணி பேசினாள். பிரபாவதி போனை ஸ்பீக்கரில் போட்டார். கொளஞ்சி இருந்தான். செந்தில்நாதன் சாரும் இருந்தார். ராக்கெட் கிளம்பியதிலிருந்து அவர் தினமும் வந்துகொண்டிருந்தார்.

"மிஸ், அடிச்ச லேசர் திரும்பி வந்துடுச்சு! பந்து பதில் சொல்லுது!"

கொளஞ்சி துள்ளினான். செந்தில்நாதன் அதைவிட உயரமாகத் துள்ளினார். கொளஞ்சியைக் கட்டிப்பிடித்து, "ஆரம்பிச்சிடுச்சுப்பா! ஆரம்பிச்சிடுச்சு!" என்றார்.

"சார், அது உங்களத் தப்புன்னு சொல்றதுக்குப் போயிருக்குது."

"சொல்லட்டுமே! ஏம்மா ஹரிணி, எப்பச் சொல்லும்?"

"விலகல் ரொம்பச் சின்னது சார். நம்பற மாதிரி சொல்லணும்னா சில வருஷம் அளந்துகிட்டே இருக்கணும். ஆறு, ஏழு வருஷம்கூட ஆகலாம்."

கொளஞ்சி அவர் வயதை மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செந்தில்நாதனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"பிரபாவதி, எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. ஏழு வருஷம் தாங்கணும்னா என்னம்மா செய்யணும்?"

மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் போகும் சைக்கிள்களும் ஷிப்ட் பஸ்களும் ஒரு காட்சியைப் பார்த்து வேகம் குறைத்தன. புதுக் கேன்வாஸ் ஷூவோடு செந்தில்நாதன் சார் மரங்களின் அடியில் நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே பிரபாவதி.

"கையை வீசுங்க சார்! ஐன்ஸ்டீன் உங்களுக்காக மெதுவா நடக்க மாட்டார்!"

சார் கையை வீசினார்.